கடைசி நிமிடத்தில் மார்லிஸ் சொன்னது

எட்மண்டன்
11 ஜனவரி 1999

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே முதலில் மன்னித்துவிடு. இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எழுதுவது, ஆட்டம் முடிந்து விளக்கையெல்லாம் அணைத்த பிறகு வந்து அரங்கத்தின் கதவைத் தட்டுவது போலத்தான் இருக்கிறது. போன் செய்திருக்கலாம். ஆனால் போனை அம்மாதான் எடுப்பாள். குளிரில் ஆரம்பித்துத் தன் முழங்காலில் முடிப்பாள். பிறகு "இரு, மார்லிஸ்கிட்ட குடுக்கிறேன்" என்பாள். அந்த இடத்தில் நான் போனை வைத்துவிடுவேன். உனக்குத் தெரியும், பீட்சா கேட்பதற்குக்கூட என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்கிறவள் நான்.

விஷயம் சின்னதுதான். கேரேஜில் பழைய ஃப்ரீசருக்கு மேலே என் இடது கைக் கையுறை கிடக்கும். ஐஸ் ஹாக்கி வட்டைப் பிடிக்கிற கையுறை, கட்டை விரல் பக்கம் அப்பா செருப்புத் தையல் போட்டது. இங்கே புதிதாக ஒன்று வாங்கினேன். பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. வட்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போய்விடுகிறது. பழையதை பஸ் பார்சலில் போட்டுவிட்டால் போதும்.

மற்றபடி நலம். பகலில் சோதனைக்கூடத்தில் விவசாயிகள் அனுப்பும் கோதுமையில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கிறேன். யாரும் அதிகம் பேசாத இடம், அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது. மாலையில் ரிவர்பெண்ட் பெண்கள் அணியோடு பயிற்சி. ராண்டா என்பவர் பயிற்சியாளர். கோல்கீப்பர்கள் இரண்டு பேர். இன்னொருத்தி ஜோஸ்லின், பத்தொன்பது வயது. கோல் கம்பங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். இடது கம்பம் கெவின், வலது கம்பம் இன்னொரு கெவின். வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்பினால் "தேங்க்ஸ்டா கெவின்" என்று தட்டிக் கொடுப்பாள்.

கோடையில் கனடா தேசிய அணிக்கான தேர்வு முகாம் இருக்கிறது. எங்கள் அணியிலிருந்து ஒரே ஒரு கோல்கீப்பரின் பெயரைத்தான் ராண்டா அனுப்ப முடியும். மார்ச் முடிவதற்குள் சொல்லிவிடுவாராம். அதனால்தான் கையுறை.

உன் தங்கை
ட்வைலா

பி.கு.: நீ இன்னும் அரங்கத்தில் மைக்கில் அறிவிக்கிறாயா? சும்மா கேட்டேன்.


லார்க்ஃபோர்ட்
17 ஜனவரி

ட்வைலா,

நீ கையுறைக்காகத்தான் எழுதினாய் என்று அம்மா நம்பிவிட்டாள். அப்பா பாதி நம்பினார். நான் நம்பவில்லை. இரண்டு வருடமாக வேறு கையுறையில் பிடித்தவளுக்கு திடீரென்று பழசு தேவைப்படுகிறதாம்.

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. "அப்பா, அம்மா, புரூனோ, மார்லிஸ்" என்று எழுதியிருந்தாய். புரூனோ நாய். எனக்கு முன்னால் நாய். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் நான்தான் அட்டையைப் படித்துக் காட்டினேன்.

மைக்கைப் பற்றிச் சும்மா கேட்டாய் அல்லவா? சும்மாவே பதில் சொல்கிறேன். இல்லை, நான் அறிவிப்பதில்லை. அந்த இறுதி ஆட்டத்துக்கு அடுத்த வாரமே அரங்கக் கமிட்டி கூடி, என்னை மைக்கிலிருந்து எடுத்துத் தண்டனைப் பெட்டியின் கதவுக்கு மாற்றிவிட்டது. யாராவது தவறு செய்து இரண்டு நிமிடம் உட்கார வந்தால் கதவைத் திறக்க வேண்டும். நேரம் முடிந்ததும் மறுபடி திறக்க வேண்டும். வாய் தேவையில்லாத வேலை இந்த அரங்கத்திலேயே அது ஒன்றுதானாம். கறிக்கடை வாலி இப்போது மைக்கில் இருக்கிறான். ஆட்டக்காரிகளின் பெயர்களைப் படிக்கும்போது இடையில் தும்முகிறான். எந்த இடத்தில் பெயர் முடிகிறது, எந்த இடத்தில் தும்மல் தொடங்குகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஆனாலும் அவனை யாரும் மாற்றுவதாக இல்லை.

அன்றைக்கு நான் சொன்னது மொத்தமே இரண்டு வாக்கியம். "ஆட்டத்தோட கடைசி நிமிஷம். எங்க ட்வைலா இன்னிக்கு ஒண்ணுகூட விடல." முதல் வாக்கியம் என் வேலை. இரண்டாவது உண்மை.

ஒரு கோல்கீப்பர் ஒன்றும் விடாமல் நின்றுகொண்டிருக்கும்போது அதை வாயால் சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும். இந்த ஊரில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். மூட நம்பிக்கையைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிற பாதிரியாரே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டதை நான் மேலேயிருந்து பார்த்தேன். கேன்டீனில் அம்மாவின் கரண்டி விழுந்த சத்தம் எதிர்ப்பக்கம் வரை கேட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நடுக்கோட்டிலிருந்து ஒருத்தி சும்மா தள்ளிவிட்ட வட்டு, தத்தித் தத்தி வந்து, உன் கால்களுக்கு நடுவே போனது. பிறகு கூடுதல் நேரத்தில் இன்னொன்று. கோப்பை எதிரணி பின்ட்லர் ஊர்க்காரிகளுக்கு.

அன்றிலிருந்து நான் கறிக்கடைக்குப் போனால் வாலி என்ன சொல்கிறான் தெரியுமா? "மார்லிஸ், இந்தா ஒரு சூப்பு எலும்பு. சும்மா எடுத்துக்க. ஆட்டம் முடியற வரைக்கும் வாயில வச்சிக்க." இரண்டு வருடமாக அதே நகைச்சுவை. எலும்பை மட்டும் இதுவரை கொடுத்ததில்லை.

மறுநாள் காலையில் நீ எட்மண்டனுக்குக் கிளம்பினாய். உன் கால் பேட்களைக் காரில் ஏற்றும்போது ஒரு முனையைப் பிடித்தது நான். உன் கண் என் பக்கம் திரும்பவேயில்லை. உனக்கு ஆறு வயதில் சோபா மெத்தையை வயிற்றில் கட்டி உன்னை கேரேஜ் கதவுக்கு முன்னால் முதன்முதலில் நிறுத்தியது யார் என்று அந்தத் தேசிய அணிக்காரர்கள் கேட்டால், நாய்தான் என்று சொல்லிவிடு.

கையுறை வருகிறது. வடிவம் கெடக்கூடாது என்று உள்ளே அம்மா உறைந்த பெரோகிக் கொழுக்கட்டைகளை அடைத்திருக்கிறாள். உருளைக்கிழங்கும் சீஸும்.

மார்லிஸ்
(புரூனோவுக்கு அடுத்தவள்)


எட்மண்டன்
29 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

வெளியே மைனஸ் முப்பது. பெரோகி கல்லாகவே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் பஸ் அலுவலகத்தில் ஒரு நல்ல மனிதர், கையுறை குளிர்ந்து வெடித்துவிடக் கூடாது என்று, அதை ஹீட்டருக்கு மேலே வைத்திருக்கிறார். நான் போவதற்கு ஒரு வார இறுதி ஆகிவிட்டது. விரல்களுக்குள்ளிருந்து உருளைக்கிழங்கைக் கரண்டியால் சுரண்டி எடுத்தேன். மூன்று முறை கழுவியும் ஆட்டத்தில் கை சூடேறினால் வெங்காயம் வதக்கும் வாசம் வருகிறது. பயிற்சியில் ஜோஸ்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றி வந்தாள். "யாரு இங்க சமைக்கிறது? எனக்குப் பசிக்குது." ஆனால் வட்டு உள்ளே வந்தால் நிற்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடு.

புரூனோ விஷயத்தில் மன்னித்துவிடு. உயர வரிசையில் எழுதவில்லை, வயது வரிசையிலும் எழுதவில்லை. கோபத்தின் வரிசையில் எழுதினேன்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன். இங்கே என்னை "ஒத்தைக் கோல்" என்று கூப்பிடுகிறார்கள். நான் ஒருபோதும் ஐந்து கோல் விட்டதில்லை. மூன்றுகூட அபூர்வம். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட ஒன்றும் விடாமல் முடித்ததில்லை. ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் இரண்டு முழுக்க எல்லாவற்றையும் பிடிப்பேன். மூன்றாம் பகுதியில் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஜோஸ்லின் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது எனக்குக் காது மட்டும்தான் இருக்கும். நீ மைக்கை முடுக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வருமே, அது வரப்போகிறது என்று காத்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே வந்தது. இந்த அரங்கத்து அறிவிப்பாளர் மைக்கை முடுக்கி, "நீல நிற டிரக்கின் உரிமையாளர், உங்கள் விளக்கு எரிகிறது" என்றார். விளக்கு எரிந்த அந்த டிரக்குக்காக நான் ஒரு கோல் விட்டேன். சுற்றிக்கூட வரவில்லை, நேராக வந்தது. இதில் வெட்கம் என்னவென்றால், உள்ளே போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை அல்லவா?

ராண்டா உடை மாற்றும் அறையில் என் அருகே வந்து உட்கார்ந்தார். என் பேட்களின் வாசத்துக்குப் பயந்து யாரும் உட்காராத மூலை அது.

"ட்வைலா, ஜோஸ்லின் ஒரு நாள் நாலு விடுவா, ஒரு நாள் ஒண்ணுமே விடமாட்டா. நீ எப்பவும் ஒண்ணு. அந்த ஒண்ணை யாருக்காக எடுத்து வைக்கிறே?"

நான் காலணிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"முகாமுக்கு நான் அனுப்பற ஆளு கதவைப் பூட்டணும். பூட்டிட்டு சாவியை எதிராளிகிட்ட குடுக்கற ஆளு வேண்டாம்."

இதற்கெல்லாம் நீதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ எப்போதும் இப்படித்தான். என் பட்டமளிப்பு விழாவில் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை கைதட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்கள். நம் வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். எப்படி நடக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல், முன்னால் போனவளின் செருப்பைப் பார்த்தே நடந்தேன். மேடை ஏறினேன். அந்த அமைதியில் பால்கனியிலிருந்து "அதான் எங்க கோல்கீப்பர்" என்று ஒரு சத்தம். பதற்றத்தில், வயதான துணைவேந்தர் நீட்டிய பட்டத்தை இடது கையால் பாய்ந்து பிடித்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். போட்டோவில் அவர் முகத்தைப் பார்.

ட்வைலா


லார்க்ஃபோர்ட்
6 பிப்ரவரி

ட்வைலா,

அந்தப் போட்டோ அம்மாவின் கேன்டீனில், காபி பாத்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது. துணைவேந்தர் முகத்தைப் பார்க்கத்தான் பாதிப் பேர் இரண்டாவது காபி வாங்குகிறார்கள்.

கத்தினேன். இல்லையென்று சொல்லவில்லை. நான் கத்தாவிட்டால் யார் கத்துவார்? நீ கத்துவாயா? நீ பள்ளியில் பரிசு வாங்கியதை அம்மா மூன்று மாதம் கழித்து, உன் பைக்குள் வாழைப்பழம் அழுகியிருக்கிறதா என்று துழாவும்போது கண்டுபிடித்தாள். முகமூடி போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவே கோல்கீப்பர் ஆன ஒரே பெண் இந்த மாகாணத்தில் நீதான். உன் வாயையும் சேர்த்து நான் பேசவேண்டியிருக்கிறது. இரண்டு பேர் வேலை. சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

உன் "டிக்" சத்தத்துக்கு வருகிறேன். எவ்வளவோ யோசித்து இதை எழுதுகிறேன், கிழித்துப் போடாதே. அன்றைக்கு வட்டை உள்ளே தள்ளியது என் வாய் இல்லை. வட்டுக்குக் காது கிடையாது. நடுக்கோட்டில் அவள் அதைத் தள்ளியபோது நீ அதைப் பார்க்கவில்லை. நீ மேலே பார்த்தாய். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாய். உன் முகமூடிக் கம்பிக்கு நடுவே உன் கண்ணை நான் பார்த்தேன். பிறகுதான் கோல்.

இதை நான் கமிட்டியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மைக் என்னிடமே இருந்திருக்கும். உன்னைப் பற்றிச் சொல்லக்கூடாத ஒரே விஷயம் அது என்று தோன்றியது. அதனால் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

மார்லிஸ்


எட்மண்டன்
15 பிப்ரவரி

மார்லிஸ்,

நான் மேலே பார்க்கவில்லை.

ட்வைலா

பி.கு.: பெரோகி தீர்ந்துவிட்டது.


லார்க்ஃபோர்ட்
22 பிப்ரவரி

ட்வைலா,

பெரோகி அனுப்பியிருக்கிறேன், இந்த முறை டப்பாவில். நீ மேலே பார்த்தாய்.

நேற்று நீ அம்மாவிடம் போனில் சொன்னது எனக்கும் தெரியும். மார்ச் இருபதாம் தேதி நகரக் கோப்பை அரையிறுதி, தேர்வாளர் ஒருவர் பார்க்க வருகிறார், அன்றைக்கு வலைக்கு முன்னால் நீதான் நிற்கப் போகிறாய், அதை வைத்துத்தான் ராண்டா முடிவு செய்யப் போகிறார். அம்மா போனை வைத்ததிலிருந்து வீட்டில் கூட்டம்தான். எல்லாரும் போக வேண்டும் என்று அம்மா. நானும் போக வேண்டுமா என்பதில்தான் விவாதம். நான் இருக்கும்போதே.

"இவளைக் கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றார் அப்பா. பனியைச் சமன் செய்கிற வண்டியை ஓட்டி ஓட்டி அவருக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும், இது மட்டும் வேகமாக வந்தது.

"அவ தங்கச்சி ஆட்டத்தை அவ பாக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"பாக்கட்டும். இவ பேச வேண்டாம், மூச்சு விட்டாலே போதும், கோல் போயிடும்."

"அப்ப மூச்சு விடாம உக்காரட்டும்."

"மூணு பகுதிக்குமா?"

"நடுவுல ரெண்டு இடைவேளை இருக்கே. அப்ப வெளிய போய் விட்டுக்கட்டும்."

நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடைசி வரிசையில் உட்காருவேன். அம்மா பின்னுகிற தடித்த மஃப்ளரை வாயில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வேன். ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன், கைதட்டல்கூடக் கையுறை போட்டுக்கொண்டு. இது போதாது என்று வாலி மட்டையில் சுற்றுகிற கறுப்பு டேப் ஒரு சுருள் கொடுத்தனுப்பியிருக்கிறான். "என் அன்பளிப்பு" என்றான். எலும்பு கொடுக்காதவன் டேப் கொடுக்கிறான்.

சம்மதம் என்று ஒரு வரி எழுது. வர வேண்டாம் என்றாலும் எழுது. நான் வீட்டில் உட்கார்ந்து புரூனோவோடு ரேடியோ கேட்பேன்.

மார்லிஸ்


எட்மண்டன்
3 மார்ச்

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

நீ வா. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று ஒரு ஆட்டம். அதிலும் ஒத்தைக் கோல்தான். மூன்றாம் பகுதியில் பெஞ்சு வழக்கம்போல ஊமையாகிவிட்டது. எங்கள் தடுப்பாட்டக்காரி ஒருத்தி வழக்கமாக என் பேட்டில் மட்டையால் தட்டிவிட்டுப் போவாள், அவள் பக்கத்திலேயே வரவில்லை. தொற்று நோய்க்காரியைப் போல என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள். மைக் முடுக்கும் சத்தம் வரவேயில்லை. டிரக் விளக்கு ஏதும் எரியவில்லை. ஆனாலும் விட்டேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. எனக்குப் பயம் அந்தச் சத்தத்தின் மேல் இல்லை. அது வரும் வரும் என்று காத்திருப்பதன் மேல்தான்.

இனி மேலே பார்த்த விஷயம். அதை இப்படிச் சொல்கிறேன், சண்டைக்கு வராதே. கோல் அடித்தவள் பெயரை மைக்கில் சொல்வார்கள். அதற்கு உதவியவள் பெயரையும் சொல்வார்கள். தவறு செய்து நீ காக்கிற கதவுக்குள் போகிறவள் பெயரைக்கூட, என்ன தவறு என்பதோடு சேர்த்துச் சொல்வார்கள். தடுத்தவள் பெயரை யாரும் சொல்வதில்லை. அது வழக்கமே இல்லை. பதினெட்டு வருடம் வலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஆட்டத்தின் நடுவே என் பெயர் கூரையிலிருந்து வந்தது அந்த ஒரே முறைதான். அதுவும் வெறும் ட்வைலா இல்லை. "எங்க ட்வைலா."

யாரைச் சொல்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றும் அல்லவா? யாருக்கும் தோன்றும்.

அவ்வளவுதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். கமிட்டியிடம் நீ சொல்லாமல் இருந்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் வீணாகிவிட்டது.

இன்னொரு செய்தி. இந்த அரங்கத்து அறிவிப்பாளருக்கு இருபதாம் தேதி மகள் கல்யாணம். அன்றைக்கு மைக்குக்கு ஆள் இல்லை என்று நுழைவாயிலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் மேலாளரின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, காரில் உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். பிறகு மறுபடி போனேன். தாளைக் காரிலேயே வைத்துவிட்டதை உள்ளே போன பிறகுதான் கவனித்தேன். அதனால் வாயால் பேச வேண்டியதாகிவிட்டது.

"எங்க அக்கா வராங்க. அவங்க பண்ணுவாங்க" என்றேன்.

மேலாளர் பெரிய மீசைக்காரர். "அனுபவம் இருக்காம்மா?"

"ஏழு வருஷம்."

"நல்லாப் பேசுவாங்களா? கடைசி வரிசைக்குக் கேக்கணும்."

"பக்கத்து ஊருக்குக் கேக்கும்."

"புகார் ஏதாவது வந்திருக்கா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணுதானா? இங்க இருக்கறவர் மேல வாரம் மூணு வருது" என்று உன் பெயரை எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். வெளியே வந்து, காரில் கிடந்த தாளைச் சுருட்டிப் போட்டேன்.

ராண்டாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன்னையும் சேர்த்து. "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?" என்றார். பிறகு, ஜோஸ்லினுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம், அவள் மயக்கம் போட்டு விழுந்தால் மாற்று கோல்கீப்பர் கிடையாது என்றார். அது சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீயே பார்த்துக்கொள். அம்மாவிடம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல். வாலியின் டேப்பைக் கொண்டு வா, என் மட்டைக்கு ஆகும். மஃப்ளர் வேண்டாம்.

உன் தங்கை
ட்வைலா

பி.கு.: கேட்க வந்தது இதுதான், இதற்குத்தான் ஜனவரியில் கையுறை கேட்டேன். அன்றைக்குக் கடைசி நிமிடம் வந்து, நான் அதுவரை ஒன்றும் விடாமல் நின்றுகொண்டிருந்தால், மைக்கை முடுக்கி முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதே. இரண்டாவதையும் சொல், அக்கா. நான் வட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தமாகச் சொல்.